ரெஜிபோம் பெட்டியில் ஓர் அடை



போன கிழமை எங்கள் வீட்டுக் குஞ்சு பொரிக்கும் பெட்டியின் படத்தைப் போட்டதிலிருந்து இன்பொக்ஸ் நிறைய ஒரே கேள்விகள். "டீச்சர், பெட்டி செய்ய எவ்வளவு முடியும்?" "எத்தனை முட்டை வைக்கலாம்?" "ஊர்க்கோழி முட்டை விலைக்கு இருக்கா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. திருத்த வேண்டிய கொப்பிக் கட்டு மேசையில் கிடக்கிறது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பெட்டி விபரம் மட்டும் தேவையானவர்கள் நடுவில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை கேட்டவர்கள் கடைசி வரை வாசிக்கத்தான் வேண்டும்.

இந்தப் பெட்டியை நாங்கள் வியாபாரத்துக்காகச் செய்யவில்லை. ஒரு கோழி செத்ததால் செய்தோம்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு சாய்ந்தமருதில் எங்கள் வளவில் கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான் மிஞ்சியது. அந்த நாட்களில் கரையோரத்துச் சனத்தில் எத்தனையோ பேருக்குப் போல எங்களுக்கும் சம்மாந்துறைதான் அடைக்கலம். உம்மாவின் சாச்சி வீட்டில் மாதக்கணக்கில் இருந்தோம். திரும்பி வந்து தகரக் கொட்டிலில் குடியேறிய அன்று அந்தச் சாச்சி ஒரு கூடையைக் கொண்டுவந்து இறக்கினா. உள்ளே ஒரு பேட்டுக்கோழியும் குஞ்சுகளும். நிவாரணமாக வந்த பாய், குடம், சட்டி, கூடாரம் ஒன்றும் இன்று எங்களிடம் இல்லை. அந்தக் கோழியின் வழி மட்டும் இருபது வருடமாக எங்கள் வளவில் நின்றது.

கழுத்தில் இறகில்லாத சாதி அது. வீட்டில் "மொட்டைக்கழுத்தி" என்றுதான் பெயர். முதன்முதலில் பார்க்கும் பிள்ளைகள், கோழிக்கு ஏதோ வருத்தம் என்று நினைப்பார்கள். வருத்தமில்லை. ஒரே ஒரு மரபணு செய்யும் வேலை அது. கழுத்தில் மட்டுமல்ல, உடம்பிலும் இறகு குறைவாக இருக்கும். அதனால் உடற்சூடு இலகுவில் வெளியேறும். எங்கள் பக்கத்து சித்திரை, வைகாசி வெயிலில் மற்றக் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடக்க, இது பாட்டுக்கு வேலியோரம் கிளறிக்கொண்டிருக்கும். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்கு அழகுதான்.

2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பிறகு கோழித்தீனுக்குத் தட்டுப்பாடு, முட்டைக்குத் தட்டுப்பாடு. அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை இறக்குமதி செய்யும் அளவுக்குப் போனது. அந்த இருட்டு நாட்களில்தான் எங்கள் மொட்டைக்கழுத்தி குசினி மூலையில் ஒரு பழைய கடகத்தில் கிடந்து பத்துக் குஞ்சு பொரித்தது. அதற்குக் கரண்டும் தேவைப்படவில்லை, கேஸும் தேவைப்படவில்லை. ஒரு பிடி குறுணலும் ஒரு சிரட்டைத் தண்ணீரும்தான்.

2024 கடைசியில் ஊரில் பரவலாகக் கோழிச் சாவு வந்தது. எங்கள் வளவிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், அந்தச் சாதியில் ஒரேயொரு பேடு மட்டும் தப்பியது. ஜனவரியில் அது முட்டையிடத் தொடங்கியபோது எங்களுக்குப் பெரிய ஆறுதல். உம்மா பழைய வழக்கப்படி கூட்டில் ஒரு முட்டையை விட்டுவிட்டு மற்றதை எடுத்து அரிசி வாளியில் வைத்தா. சின்ன மகள் ஒவ்வொன்றிலும் பென்சிலால் திகதி போட்டாள். பதின்மூன்று முட்டை சேர்ந்தது. அடைக்குக் கிடக்கும் குணம் தெரிந்தது. நாளைக்கு அடை வைப்போம் என்று உம்மா கடகத்தில் மணல் போட்டு வைக்கோல் பரப்பி வைத்த அன்று இரவு மரநாய் வந்தது. காலையில் வேலியோரம் இறகு மட்டும்.

இருபது வருடம் இப்போது அரிசி வாளிக்குள் கிடந்தது.

அன்று பின்னேரமே தெருத் தெருவாக அடைக்கோழி தேடினோம். ஏழு வீடு ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் கோழி இருந்தது. பார்ப்பதற்கு ஊர்க்கோழி மாதிரியே சிவப்பும் கறுப்புமாக, ஆளுக்கு ஐந்து, ஆறு. ஆனால் ஒரு வீட்டிலும் அடைக்கோழி இல்லை. "இது அடைக்கே கிடக்காது டீச்சர், நல்லா முட்ட போடும்" என்று ஒரு மாமி பெருமையாகச் சொன்னா. "அடை வந்தா நாங்க தண்ணியில முக்கி எடுத்திருவம்" என்றார் இன்னொரு வீட்டுக்காரர். ஏழாவது வீட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வரும்போதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. எங்கள் ஊரில் கோழி குறையவில்லை. தாய்க்கோழிதான் குறைந்திருக்கிறது.

வேறு வழியில்லாமல் மூத்த மகன் மீன் வாடியிலிருந்து ஒரு ரெஜிபோம் பெட்டி வாங்கி வந்தான். மூன்று தரம் கழுவி வெயிலில் காயவைத்தும் மணம் முழுதாகப் போகவில்லை. 40 வோட் பல்ப் ஒன்று, சூட்டைப் பார்த்துத் தானாகவே பல்பை அணைத்து எரிக்கும் ஒரு சின்ன தேர்மோஸ்டாட், பழைய கம்பியூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன். பெட்டியின் பக்கங்களில் காற்றுப் போக நாலைந்து ஓட்டை. மூடியில் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டு. விலை கேட்டவர்களுக்கு: தேர்மோஸ்டாட் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. முட்டையை வைக்கமுதல் பெட்டியை ஒரு நாள் முழுதும் வெறுமனே ஓடவிட்டு, காய்ச்சல் பார்க்கும் தேர்மாமீட்டரையும் உள்ளே வைத்து இரண்டும் ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்தோம். இதைத் தவிர்க்காதீர்கள். மலிவுச் சாமானில் ஒரு பாகை பிசகியிருந்தாலும் 21 நாளும் வீண்.

சூடு 37.5 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 99.5. இது ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாவிட்டால் மேலே சூடும் கீழே குளிருமாக இருக்கும். அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து கிட்டத்தட்ட ஒரு பாகை கூட்டி வைக்கவேண்டும். முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே போகும்.

திருப்புவதைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கோழி இரவு பகலாக அலகால் உருட்டிக்கொண்டே இருக்கும். நாம் ஒரு நாளைக்கு ஒற்றைப்படையாக மூன்று தரமோ ஐந்து தரமோ திருப்பவேண்டும். ஒற்றைப்படை ஏனென்றால், இரவில் நீண்ட நேரம் தொடாமல் விடுகிறோம் அல்லவா, அந்த நீண்ட நேரம் இன்று ஒரு பக்கமும் நாளை மறு பக்கமுமாக மாறி வரவேண்டும். எங்களுக்கு இது இலகுவாக அமைந்தது. ஐந்து வேளைத் தொழுகை, ஐந்து திருப்பு. ஒரு பக்கம் பெருக்கல் அடையாளம், மறு பக்கம் வட்டம். சுபஹுக்கு எழுப்ப மூன்று தரம் கூப்பிடவேண்டிய சின்ன மகள், அந்த நாட்களில் பாங்கு சொல்லும்போதே பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கோழிக்காக எழும்பினாளா தொழுகைக்காக எழும்பினாளா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

ஈரப்பதத்துக்கு ஒரு மாஜரின் டப்பாவில் தண்ணீர் வைக்கச் சொல்லி யூடியூப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் கரையோரத்தில், அதுவும் மாரிகாலத்தில், முதல் 18 நாளும் அது தேவைப்படவில்லை. முட்டை தண்ணீரை இழக்கவேண்டும். அப்போதுதான் அகன்ற பக்கத்தில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சை எடுப்பது அதற்குள்தான். 45 கிராம் முட்டை 18ஆம் நாளில் 40 கிராமுக்குக் கிட்ட வந்திருக்கவேண்டும். குசினித் தராசில் நிறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் உள்ளே ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். யூடியூப்காரர் எங்கேயோ வரண்ட ஊரில் இருந்து பேசுகிறார், நாம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம்.

அடைக்கடகத்தில் ஓர் இரும்புத் துண்டும் கரியும் வைத்தால் இடிக்கு முட்டை கெடாது என்பது மூத்தம்மா காலத்துப் பழக்கம். உம்மா எங்களுக்குத் தெரியாமல் பெட்டிக்குள்ளும் ஒரு ஆணியைப் போட்டிருந்தா. எடுத்துக் காட்டினோம். "ஆணி காக்கிற இல்ல உம்மா, பிஸ்மி செல்லி வைங்க" என்றோம். "பிஸ்மி செல்லித்தான் ஆணியையும் வச்ச" என்றா. ஆணியை எடுத்துவிட்டோம்.

ஜனவரி 23 வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு பதின்மூன்றையும் வைத்தோம்.

ஏழாம் நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டு லைட்டை எல்லாம் அணைத்து, போன் டோர்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எட்டாம் தரத்தில் படிக்கும் எங்கள் மாணவர்கள் நாலைந்து பேர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முட்டைக்குள் சிவப்பு நரம்பு சிலந்தி மாதிரிக் கால் பரப்பியிருந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி துள்ளியது. அதுதான் கரு, அதற்குள் இதயம் துடிக்கிறது என்று சொன்னதும் ஒருவன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். இன்னொருவன் கேட்டான், "டீச்சர், இது கோழிர குஞ்சா, பெட்டிர குஞ்சா?" நாங்கள் சிரித்தோம். பதில் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று முட்டை ஒன்றுமில்லாமல் தெளிவாகக் கிடந்தது. அதில் இரண்டு, பென்சிலில் மிகப் பழைய திகதி போட்டவை. ஒரு கிழமைக்கு மேல் வைத்த முட்டைக்குப் பொரிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும் என்பது புத்தகத்தில் உள்ளதுதான். இன்னொன்றில் நரம்புக்குப் பதிலாக ஒரு இரத்த வளையம் மட்டும். தொடங்கி இடையில் நின்றுவிட்டது. மிஞ்சியது ஒன்பது.

பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. 17ஆம் நாள். பகல் பதினொன்றரை மணிக்குக் கிட்ட நாடு முழுதும் கரண்ட் போனது. பாணந்துறைப் பக்கம் உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் வந்த வினை என்று பின்னர் அமைச்சர் சொன்னதும், முகப்புத்தகம் முழுதும் குரங்கு மீம்ஸ் ஓடியதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. பெட்டியின் ஓட்டைகளில் பாதியை அடைத்து, மேலே இரண்டு போர்வையைப் போட்டு, சுடுதண்ணீர் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தோம். அரை மணிக்கொரு தரம் தேர்மாமீட்டர். 36. 35. போத்தலை மாற்றினால் மறுபடி 37.

உம்மாதான் பதறாமல் இருந்தா. "கோழியும் ஒரு நாளைக்கு ஒருக்கா எழும்பி தீன் பொறுக்கத்தானே போற. அதுக்குள்ள முட்ட செத்தா போற?" என்றா. சொன்னது சரி. அடைக்கோழி தினமும் பத்து, இருபது நிமிடம் கூட்டை விட்டுப் போகும். அந்த இடைவெளியில் முட்டை ஆறும். அதோடு கடைசிக் கிழமையில் கருவே தனக்கான சூட்டில் ஒரு பங்கை உண்டாக்கத் தொடங்கிவிடும்.  ஆனால் இருபது நிமிடம் வேறு, நாலைந்து மணித்தியாலம் வேறு. அஸர் தொழுது முடித்த பிறகுதான் பல்ப் எரிந்தது. அன்றிரவு டோர்ச் வைத்துப் பார்த்தோம். ஒன்பதும் உள்ளே அசைந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த நாள் முதல் திருப்புவதை நிறுத்தினோம், தண்ணீர் டப்பாவை வைத்தோம், மூடியை மூடினோம். "பதினெட்டுக்குப் பொறகு கோழி எழும்பாது. நீங்களும் தொறக்காதீங்க" என்று உம்மா உத்தரவு. கடைசி மூன்று நாளும் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும். மூடியைத் திறந்தால் அது ஓடிவிடும், ஓட்டுக்குள் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். உம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. கோழி எழும்பாததை ஐம்பது வருடம் பார்த்திருக்கிறா, அவ்வளவுதான்.

20ஆம் நாள் முட்டைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஓடு உடையவில்லை, ஒரு கீறலும் இல்லை, ஆனால் உள்ளே "கீச்" என்று ஒரு குரல். குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்துவிட்டால் ஓட்டுக்குள் இருந்துகொண்டே கத்தும். தாய்க்கோழி அதைக் கேட்டு மெல்லிய குரலில் பதில் சொல்லும். பெட்டியில் ஃபேன் சத்தம் மட்டும்தான். உம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து, "கொக், கொக், கொக்" என்று கோழிக் குரலில் பேசினா. தஸ்பீஹ் கையில் இருந்தது. ஒரு தஸ்பீஹ், பிறகு கொஞ்சம் கொக் கொக். பிள்ளைகள் சிரிக்கவில்லை. நாங்களும்தான்.

வியாழக்கிழமை சுபஹோடு முதல் குஞ்சு. ஓட்டில் ஓட்டை விழுந்ததிலிருந்து வெளியே வர அரை நாளுக்கு மேல் எடுத்தது. மூத்தவனுக்குப் பொறுக்கவில்லை, பிய்த்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிய்க்கக் கூடாது. அந்த நேரத்தில் சவ்வில் இன்னும் இரத்தம் ஓடும், மஞ்சட்கருவின் மிச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். நாம் அவசரப்பட்டால் இரத்தம் போய்ச் செத்துவிடும். உள்ளே இழுத்த அந்த மஞ்சட்கருதான் வெளியே வந்த பிறகும் இரண்டு நாளைக்கு அதற்குச் சாப்பாடு. ஆகவே பொரித்தவுடன் தீன் போடவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகுமுன் ஏழு குஞ்சு. இரண்டு முட்டை பொரிக்கவேயில்லை. ஏழில் நாலுக்குக் கழுத்தில் மயிர் இல்லை, அடியில் மட்டும் ஒரு சின்னக் குஞ்சம். அந்தக் குஞ்சம் இருந்தால், பெற்றோரில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மொட்டைக்கழுத்து வந்திருக்கிறது என்று அர்த்தம். வழி அறுந்துவிடவில்லை. நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கையில் வீட்டுக்கு ஏழு விருந்தாளிகள்.

இவ்வளவும் பெட்டியைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறோம். இனி மற்றப் பக்கம்.

பெட்டியில் பொரித்த குஞ்சுக்குச் சூடு கொடுக்கலாம். முதல் கிழமை 35 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு போகலாம். கறையான் புற்றை உடைத்துப் போடலாம். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுத் தடுப்பு மருந்து கொடுக்கலாம், கட்டாயம் கொடுக்கவேண்டும். ஆனால் காகம் என்றால் என்ன என்று எங்களால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. நாலு கிழமையில் முற்றத்தில் விட்டபோது, மேலே காகம் வட்டமிட அவை ஏழும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. தாய்க்கோழி வளர்த்த குஞ்சு அப்படி நிற்காது. மேலே ஏதாவது பறந்தால் தாய் ஒரு நீளக் குரல் கொடுக்கும். அந்த நொடியே எல்லாம் செடிக்குள் மறையும். எங்கள் ஏழில் ஒன்று அன்று போனது. அதுவும் மொட்டைக்கழுத்துக் குஞ்சு. மிச்சம் மூன்று: இரண்டு பேடு, ஒரு சேவல். சேவலைக் கூடப்பிறந்த பேடுகளோடு விடக்கூடாது என்று சம்மாந்துறைக்குக் கொடுத்து, அங்கிருந்து வேறு சேவல் வாங்கி வந்தோம்.

செப்டம்பரில் இரண்டு பேடும் முட்டையிட்டன. ஒன்று விடாமல் இட்டுக்கொண்டே போனது. மற்றது 11 முட்டையோடு நிறுத்தி, ஒரு நாள் கூட்டைவிட்டு எழும்பவில்லை. கையைக் கொண்டுபோனால் உடம்பை ஊதிக்கொண்டு கொத்தியது. உம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னா: "அடைக்கி கிடந்திட்டு!"

யோசித்துப் பாருங்கள். அந்தக் கோழி தன் வாழ்நாளில் ஒரு தாய்க்கோழியைக் கண்டதில்லை. மீன் பெட்டிக்குள் ஃபேன் காற்றில் பிறந்தது. முட்டையில் கிடக்கவேண்டும், உருட்டவேண்டும், 18க்குப் பிறகு அசையக்கூடாது என்று அதற்கு யார் சொன்னது? 21ஆம் நாள் ஒன்பது குஞ்சு பொரித்தது. மூன்றாம் கிழமை முற்றத்தில் காகம் வந்தபோது அந்த நீளக் குரலைக் கொடுத்தது. ஒன்பதும் மறைந்தன. நாங்கள் குசினி ஜன்னலில் நின்று பார்த்தோம்.

கறுப்புக் கலரும் மொட்டைக் கழுத்தும் போல, அடைக்குக் கிடக்கும் குணமும் இரத்தத்தில் வருவது. முட்டைப் பண்ணைக் கோழியில் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தே நீக்கினார்கள். அடைகிடக்கும் கோழி முட்டையிடாது, பண்ணைக்கு அது நட்டம். அதனால்தான் பண்ணைக் கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை இடுகிறது. நம் ஊர்க்கோழி ஐம்பதோ அறுபதோதான். அது பண்ணைக்குச் சரி. ஆனால் வளவில் நாம் செய்வதும் அதுதான் என்பதை நாம் யோசிப்பதில்லை. அடை வந்தால் தண்ணீரில் முக்குகிறோம், மூக்கில் இறகைச் செருகுகிறோம். (இந்த மூக்கில் செருகும் வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வாயில்லா ஜீவன்.) பிறகு, அதிகம் முட்டையிடும் கோழியின் முட்டையைப் பார்த்துப் பார்த்துப் பெட்டியில் வைக்கிறோம். அதிகம் இடுவது எது? அடைக்குக் கிடக்காதது. பெட்டி எல்லா முட்டையையும் ஒரே மாதிரிப் பொரித்துத் தரும், தாய்க்குணம் உள்ளதா இல்லையா என்று அது கேட்காது. இப்படியே போனால், அடுத்த கரண்ட் இல்லாத காலத்தில் நம் ஊரில் ஏழு வீடு அல்ல, எழுநூறு வீடு ஏறினாலும் அடைக்கோழி கிடைக்காது.

குஞ்சுகளைத் தாய்ப்பறவையிடமிருந்து எடுத்து வந்தவர்களிடம், திரும்பக் கொண்டுபோய் விடும்படி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அதைக் கொண்டு பெட்டி கூடாது என்று ஃபத்வா சொல்ல எங்களுக்கு இல்மும் இல்லை, நோக்கமும் இல்லை. அடைக்கோழி கிடைக்காத நேரத்தில், கோழி செத்துப்போன நேரத்தில், மழைக்குக் கூடு நனைந்த நேரத்தில் பெட்டி பெரிய உதவி. எங்கள் வழியைக் காப்பாற்றியதே அதுதான். பொரித்த முதல் இரண்டு நாளைக்குள், இரவில், அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழே மெதுவாக விட்டால் பெரும்பாலும் தன் குஞ்சென்று ஏற்றுக்கொள்ளும். பெட்டிக்கு 21 நாள் வேலை, மிச்சம் கோழிக்கு. எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான் நடக்கிறது.

ஒருவர் காட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து தருகிறேன், பொரித்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தார். மாட்டோம். அது இலங்கைக்கு மட்டுமே உரிய பறவை, நாட்டின் தேசியப் பறவை, சட்டமும் அனுமதிக்காது. காட்டில் அதற்கும் தாய் இருக்கிறது.

இனி முட்டை கேட்டவர்களுக்கு. இரண்டு பேட்டில், விடாமல் முட்டையிடும் கோழியின் முட்டை வேண்டும் என்றுதான் கூடுதலானோர் கேட்கிறீர்கள். அது பொரிக்க இல்லை. அந்த முட்டையைச் சாப்பிடுகிறோம், விரும்பினால் உங்களுக்கும் ரொட்டியோடு பொரித்துத் தருவோம். அடைக்குக் கிடந்த கோழியின் முட்டை மட்டும்தான் வைப்பதற்குக் கொடுப்போம். காசு வேண்டாம். முன்பு நம் உம்மாமார் பங்குக்குக் கோழி கொடுத்த மாதிரி, ஏழு முட்டை கொண்டுபோகும் வீடு, வளர்ந்த பிறகு ஒரு பேடு திருப்பித் தரவேண்டும். எங்களுக்கே தரவேண்டும் என்றில்லை. அடுத்த தெருவில் கேட்கிற இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு எங்களுக்குச் சொன்னால் போதும். வீட்டில் அடைக்கோழி உள்ளவர்களுக்கு முதலிடம், பெட்டி மட்டும் உள்ளவர்களுக்கு அதன் பிறகு.

குஞ்சுகளைப் பிரித்துவிட்டு அது நேற்று முன்தினம் மறுபடி முட்டையிடத் தொடங்கியிருக்கிறது. இன்றைக்கு இரண்டாவது. திகதி போட்டு அரிசி வாளியில் வைத்திருக்கிறோம். முதல் ஏழும், அன்று "இது அடைக்கே கிடக்காது" என்று சொன்ன அந்த மாமிக்கு. அவதான் முதலில் வந்து கேட்டா.